எலிக் கணக்கும் நகர நலமும்

உழவன் கூலத்தை விளைவித்துச் சேமித்து வைக்கத் தொடங்கிய நாள் முதல் எலி அவனை விட்டு அகன்றதில்லை. அவன் குதிர் கட்டினான். எலி குதிரின் அடியில் வளை தோண்டிற்று. கூரை வேய்ந்தான்; கூரையில் கூடு கட்டிற்று. கப்பல் ஏறிக் கடல் கடந்தான். அதுவும் உடன் ஏறிற்று. நகரம் அமைத்து நிலத்தடியில் சாக்கடை கட்டினான்; அச்சாக்கடையே அதற்கு நெடுஞ்சாலையாகிவிட்டது.

இவ்வளவு நெருங்கி வாழும் உயிரைப் பற்றி நகரத்தார் அறிந்திருப்பதோ மிகக் குறைவு. ஒரு நகரத்தில் எத்தனை எலிகள் உள்ளன? அவை எவ்விடங்களில் மிகுதியாக உள்ளன? அவற்றின் உடம்பில் எந்தெந்த நோய்க் கிருமிகள் தங்கியுள்ளன? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தெரியாமல் எலியை ஒழிக்கப் புறப்படுவது, நோயாளியின் நாடியைப் பாராமலே மருந்து கொடுப்பதை ஒக்கும். எனினும், பெரும்பாலான நகரங்கள் நெடுங்காலம் அவ்வாறே செய்துவந்தன. அவை செத்த எலியை எண்ணின. உயிரோடு எஞ்சிய எலியை எண்ணவில்லை. இதனால் நேர்ந்த பிழைகளையும், பிழையிலிருந்து மெல்ல மெல்லப் பிறந்த அறிவையும் ஈண்டு ஆராய்வோம்.

நகரத்து எலிகள்

உலக நகரங்களில் மனிதரை அண்டி வாழும் எலிகள் பெரும்பாலும் மூவகையின. முதலாவது பழுப்பெலி. இது கனத்த உடலும், உடலைவிடக் குறுகிய வாலும் உடையது, மண்ணில் வளை தோண்டும், நன்றாக நீந்தும், சாக்கடைகளிலும் குப்பைக் கிடங்குகளிலும் வாழும். இரண்டாவது கருப்பெலி. கூரையெலி என்றும் இதனைக் கூறுவர். மெலிந்த உடலும் உடலைவிட நீண்ட வாலும் உடைய இது, ஏறுவதில் வல்லது. உத்தரத்திலும் மச்சிலும் மரங்களிலும் கூடு கட்டும். மூன்றாவது, பெட்டிக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்திலேயே வாழ்நாளைக் கழித்துவிடும் சுண்டெலி. பெரிய எலி எதுவாயினும் அதனைப் பெருச்சாளி என்று வழங்குவது நம்மிடையே உள்ள வழக்கம். ஆயினும் பெருச்சாளி என்பது இந்திய நாட்டில் மிகுதியாகக் காணப்படும் வேறோர் இனம் என்பதை மாணவர்க்கு உணர்த்துதல் நன்று.

பழுப்பெலியின் கருக்காலம் ஏறக்குறைய 3 வாரம். ஓர் ஈற்றில் 6 முதல் 12 குட்டிகள் வரை பிறப்பது இயல்பு. அக்குட்டிகள் மூன்று மாதத்திற்குள் தாமே குட்டி ஈனும் பருவத்தை அடைகின்றன. இவ்வாறு பெருகினும், நகரத்து எலிகளில் பெரும்பாலானவை ஓராண்டு நிறையும் முன்பே இறந்துவிடுகின்றன. உணவும் நீரும் ஒளிவிடமும் அருகில் கிடைக்குமானால் எலி தொலைவில் சென்று அலைவதில்லை. ஒரு தெருக்கட்டத்தில் பிறந்தது பெரும்பாலும் அக்கட்டத்திலேயே வாழ்ந்து மடிகின்றது. புதிய பொருளைக் கண்டால் அஞ்சி ஒதுங்குவதும் அதன் இயல்பு. இவ்வியல்புகளை மனத்திற் கொண்டால், பின்வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

பம்பாய் தந்த முதற்பாடம்

1894ஆம் ஆண்டு ஹாங்காங்கில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. அங்குச் சென்ற அலெக்சாந்தர் எர்சின் என்னும் அறிஞர் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். செத்த எலிகளின் உடம்பிலும் அதே கிருமி இருப்பதை அவர் கண்டார். இரண்டாண்டு கழித்து, 1896இல், நோய் பம்பாயை அடைந்தது. துறைமுகத்தை அடுத்த மாண்டவி என்னும் பகுதியிலேதான் அது முதலில் வெளிப்பட்டது. மாண்டவி தானியக் கிடங்குகள் நிறைந்த இடம். கூலம் குவிந்த இடத்தில் எலி குவிவதும், எலி குவிந்த இடத்தில் நோய் தொடங்குவதும் வியப்பன்று.

அக்காலத்தில் நோய் எவ்வாறு பரவுகின்றது என்பதை எவரும் அறியார். நகராண்மையினர் சாக்கடைகளில் கடல் நீரையும் கார்பாலிக் அமிலத்தையும் பாய்ச்சினர், வீடுகளைக் கழுவினர், மக்களைப் பிரித்து முகாம்களில் வைத்தனர். நோய் அடங்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் இந்தியாவில் இந்நோயால் மாண்டவர் தொகை ஒரு கோடியைத் தாண்டியது.

இமயமலைச் சாரலில் உள்ள கடுவால், குமாவூன் பகுதி மக்களோ நெடுங்காலத்துக்கு முன்பே ஓர் உண்மையை அறிந்திருந்தனர். வீட்டில் எலிகள் செத்து விழக் கண்டால், அவர்கள் ஊரை விட்டு வெளியேறிவிடுவது வழக்கம். எலியின் சாவு மனிதரின் சாவுக்கு முன்னறிவிப்பு என்பது அவர்தம் பட்டறிவு. அதற்குக் காரணம் கூறியவர் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1898இல் கராச்சியில் அவர் ஓர் ஆய்வு நடத்தினார். எலியின் உடம்பில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயை ஓர் எலியிடமிருந்து மற்றோர் எலிக்குக் கொண்டு செல்கின்றது என்று காட்டினார். எலி இறந்து உடல் குளிர்ந்தவுடன் தெள்ளு அதனை விட்டு நீங்கி வேறு குருதியைத் தேடுகின்றது. எலி கிடைக்காதபோது மனிதரைக் கடிக்கின்றது. சிமோன் கூறியதை அறிஞர் பலர் உடனே ஏற்றுக் கொள்ளவில்லை.

1905இல் பம்பாயில் பணி தொடங்கிய பிளேக் ஆராய்ச்சிக் குழுவே அதனை ஐயத்திற்கு இடமின்றி நிறுவியது. நோய் கண்ட வீடுகளில் கினிப்பன்றிகளைக் கூண்டில் வைத்தனர். தெள்ளு நுழைய முடியாத நுண்வலையால் மூடிய கூண்டில் இருந்தவை பிழைத்தன. வலையில்லாத கூண்டில் இருந்தவற்றுள் பல நோயுற்று இறந்தன. அத்துடன், நகரத்தின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் நாள்தோறும் எலிகளைக் கொணர்ந்து அறுத்துப் பார்த்தனர். ஓராண்டுக் காலத்தில் அவ்வாறு பார்க்கப்பட்டவை இலட்சத்துக்கு மேற்பட்டவை. முதலில் பழுப்பெலிகளிடையே நோய் மிகுந்தது. சில நாள் கழித்துக் கருப்பெலிகளிடையே மிகுந்தது. அதற்கும் 10 முதல் 14 நாள் கழித்தே மக்களிடையே மிகுந்தது.

இதன் பயன் என்ன? எலியின் உடம்பை ஆராயும் நகரத்திற்கு இரண்டு வார முன்னறிவிப்பு உண்டு. நோயாளி மருத்துவமனைக்கு வரும் வரை காத்திருக்கும் நகரத்திற்கு அஃது இல்லை. எலிக் கண்காணிப்பு என்னும் கலையின் அடிப்படை இதுவே.

ஹாங்காங்கும் இதனைப் பின்பற்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரத்து விளக்குக் கம்பங்களில் மருந்து நீர் நிரம்பிய சிறு பெட்டிகளைத் தொங்கவிட்டனர். மக்கள் தாம் கண்ட செத்த எலியை அதில் இட்டுச் செல்வர். சுகாதார ஊழியர் அவற்றைச் சேகரித்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவர். உயர்ந்த கம்பத்தில் குட்டைப் பெட்டி தொங்கிய அக்காட்சி, நெட்டையரும் குட்டையரும் சேர்ந்து நடப்பதைக் கேலி செய்யும் ஒரு தொடராகக் கண்டனிய மொழியில் நிலைத்துவிட்டது.

வாலை எண்ணிய ஹனோய்

இனி, பிழையான கணக்கு எங்கே கொண்டு போய்விடும் என்பதற்கு ஹனோய் நகரம் சான்று. வியட்நாமைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம் அது. அவர்கள் குடியிருந்த பகுதியில் புதிய நிலத்தடிச் சாக்கடைகள் கட்டப்பட்டன. பகைவிலங்கு இல்லாத அவ்விருட்குழாய்களில் எலிகள் பெருகி வீடுகளுக்குள் வந்தன. பிளேக் அச்சம் வேறு சூழ்ந்திருந்தது. 1902இல் கூலிக்கு ஆள் அமர்த்தி எலி வேட்டையைத் தொடங்கினர். நாளொன்றுக்குச் சில நூறாக இருந்த கணக்கு ஆயிரங்களாக வளர்ந்தது. ஒரு நாளில் இருபதாயிரத்தையும் எட்டியது. எலிகளோ குறைந்தபாடில்லை.

பிறகு பொதுமக்களுக்கும் பரிசு அறிவித்தனர். செத்த எலியின் உடலைக் குவித்து வைத்துக் காப்பது அலுவலகத்திற்குத் தொல்லை என்பதால், வாலை மட்டும் கொண்டு வந்தால் போதும் என்றனர். வால்கள் குவிந்தன. அதே வேளையில், வாலில்லாத எலிகள் தெருக்களில் ஓடக் கண்டனர். மக்கள் எலியைப் பிடித்து வாலை நறுக்கி, அது மேலும் குட்டி ஈனட்டும் என்று விட்டுவிட்டனர். நகரத்தின் புறத்தே சிலர் எலிப்பண்ணையே வைத்திருந்தது பின்னர்த் தெரிய வந்தது. பரிசுத் திட்டம் கைவிடப்பட்டது.

இக்கதையைக் கேட்போர் சிரித்துவிட்டு, மக்களின் சூழ்ச்சியைப் பழிப்பர். ஆயின் குற்றம் கணக்கினுடையது. அலுவலகம் வாலை விலைக்கு வாங்கியது. மக்கள் வாலை விற்றனர். ஒருவரும் வால் வெட்டி விடாமல் அனைவரும் நேர்மையாக நடந்திருப்பினும் பயன் மிகுதியாக இருந்திராது. அது ஏன் என்பதை அடுத்த நாற்பதாண்டுகளில் வேறொரு நகரம் விளக்கியது.

பால்டிமோர் கண்ட விதி

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் இரண்டாம் உலகப் போரின்போது எலி ஒழிப்பு வேலை தொடங்கிற்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கர்ட் ரிக்டர் புதியதொரு நஞ்சைக் கண்டறிந்து, தெருத்தெருவாக வைத்துப் பார்த்தார். எலிகள் ஏராளமாக மாண்டன. எனினும் சில மாதங்களில் பழைய தொகை மீண்டுவிட்டது.

பின்னர், டேவிட் டேவிஸ் முதலிய உயிரியல் அறிஞர்கள் இதன் காரணத்தை ஆராய்ந்தனர். எலிகளைக் கொல்வதற்கு முன் அவற்றை எண்ணினர். பிடித்து அடையாளமிட்டு விட்டு மறுபடியும் பிடித்தனர். ஒவ்வொரு தெருக்கட்டமும் தாங்கக்கூடிய எலித் தொகைக்கு ஓர் எல்லை உண்டு என்பதும், அவ்வெல்லையை வகுப்பவை அங்குக் கிடைக்கும் உணவும் ஒளிவிடமும் என்பதும் தெளிவாயின. பாதி எலியைக் கொன்றால், எஞ்சிய பாதிக்கு இரட்டிப்பு உணவு கிடைக்கின்றது. அவை மிகுதியாக ஈனுகின்றன. குட்டிகள் மிகுதியாகப் பிழைக்கின்றன. ஆகவே தொகை மீண்டும் எல்லையைத் தொடுகின்றது. ஆனால், குப்பைத் தொட்டிக்கு மூடியிட்டு, பாழ்வேலிகளை அகற்றி, வீடுகளைச் செப்பனிட்ட கட்டங்களில் எல்லையே தாழ்ந்தது. அங்கு எலித்தொகை தானே குறைந்தது. குறைந்த நிலையிலேயே நின்றது.

ஒழுகும் குழாயின் அடியில் வாளி வைத்து இறைப்பவன் எத்தனை வாளி இறைத்தான் என்று பெருமை பேசலாம். குழாயை அடைத்தவனுக்கு இறைக்க வேண்டிய வேலையே இல்லை. செத்த எலியின் கணக்கு, இறைத்த வாளியின் கணக்கைப் போன்றது.

எண்ணும் முறைகள்

அப்படியாயின் உயிருள்ள எலியை எண்ணுவது எப்படி? ஒரு நகரத்தில் ஆளுக்கோர் எலி உண்டு என்பது உலகெங்கும் வழங்கும் கூற்று. அதற்குச் சான்று கிடையாது. டேவிஸ் 1949இல் நியூயார்க்கில் ஆராய்ந்து, அங்குள்ளவை ஏறக்குறைய இரண்டரை இலட்சம் என்றார். அப்போது அந்நகரத்து மக்கள் தொகையோ 80 இலட்சத்தை நெருங்கியிருந்தது. 2014இல் ஜோனதன் அவர்பாக் என்னும் புள்ளியியலாளர், பொதுமக்களின் புகார்ப் பதிவுகளைக் கொண்டு கணித்து, ஏறக்குறைய 20 இலட்சம் என மதிப்பிட்டார். இவையெல்லாம் மதிப்பீடுகளே. நகரத்து எலிகளை ஒவ்வொன்றாக எண்ணுதல் இயலாது. எண்ண வேண்டிய தேவையும் இல்லை. எங்கே மிகுதி, எங்கே குறைவு, கூடுகின்றதா, குறைகின்றதா என்பவை தெரிந்தால் போதும். அதற்குரிய முறைகள் பல.

முதலாவது, அடையாளம் தேடுதல். புதிய வளை, புழுக்கை, பற்குறி, சுவரோரத்தில் எலி உரசிச் சென்ற எண்ணெய்க் கறை, தடம் ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற ஊழியர் தெருத்தெருவாகப் பார்த்து வரைபடத்தில் குறிப்பர். நியூயார்க் நகரம் 2007இல் பிராங்க்ஸ் பகுதியில் இவ்வாறு ஒவ்வொரு மனையையும் பார்வையிடத் தொடங்கியது.

இரண்டாவது, தடப் பலகை. மை தடவிய பலகைகளை இரவில் வைத்து, விடிந்ததும் அவற்றில் பதிந்த கால்தடங்களைக் கணக்கிடுவர். பிரேசில் நாட்டின் சால்வடார் நகரத்துக் குடிசைப் பகுதிகளில் இம்முறை பயன்பட்டது.

மூன்றாவது, இரை வைத்தல். ஹாங்காங்கில் சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டுகளை வைத்து, எத்தனை துண்டுகளில் எலி வாய் வைத்தது என்று நெடுங்காலம் கணக்கிட்டனர். இம்முறையில் ஒரு குறை உண்டு. தெருவெங்கும் சோறும் மீனும் இறைச்சியும் சிதறிக் கிடக்கும்போது எலி கிழங்கை நாடுமோ? மிகுந்த உணவுள்ள இடத்தில் கடிபட்ட கிழங்கு குறையும். கணக்கைப் பார்த்தவர் எலி குறைந்தது என்று மகிழ்வர். ஆதலின் அந்நகரத்தார் அண்மை ஆண்டுகளில் உடல் வெப்பத்தை உணரும் படக்கருவிகளை இரவில் பொருத்தி, எலி நடமாடும் இடங்களைக் கண்டறியும் முறைக்கு மாறினர்.

நான்காவது, மக்களின் புகார். இது செலவில்லாத முறையாகத் தோன்றும். ஆயின் புகார் எழுதுவோர் எங்கு உளரோ அங்கு எலி மிகுதி என்று அது காட்டும். மாடி வீட்டில் இருப்பவர் ஓர் எலியைக் கண்டால் உடனே தொலைபேசியை எடுக்கின்றார். நாள்தோறும் பத்து எலியைக் காணும் ஏழையோ, சொல்லியும் பயனில்லை என்று சலித்து வாளாவிருக்கின்றார். புகாரை மட்டும் நம்பும் நகரம், எலி மிகுந்த இடத்தை விட்டுவிட்டுப் பேச்சு மிகுந்த இடத்திற்கு ஊழியரை அனுப்பும்.

ஐந்தாவது, பம்பாய் காட்டிய வழி: எலியைப் பிடித்து அதன் உடம்பில் உள்ள கிருமிகளை ஆராய்தல். 2014இல் நியூயார்க்கில் 133 எலிகளை ஆராய்ந்த கொலம்பியா பல்கலைக்கழகத்தார், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பல கிருமிகளையும், அதுவரை அறியப்படாத 18 வைரசுகளையும் கண்டனர். 2018இல் ஹாங்காங்கில், கல்லீரல் மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவருக்கு எலியிடம் மட்டுமே இருப்பதாகக் கருதப்பட்ட ஒருவகை மஞ்சட்காமாலை வைரசு இருப்பது தெரிய வந்தது. மனிதருக்கு அது தொற்றும் என்பது அன்றுதான் உலகிற்குத் தெரிந்தது.

மலாயாவின் அனுபவம்

இத்துறையில் நம் மண்ணுக்கும் ஒரு பங்குண்டு. 1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வில்லியம் பிளெட்சர், லெஸ்லர் என்னும் இருவர் டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்தனர். நகரத்துக் கடைகளில் இருப்போரிடம் ஒருவகைக் காய்ச்சலும், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் லாலாங் புதர்களிலும் வேலை செய்வோரிடம் மற்றொரு வகையும் காணப்பட்டன. இரண்டும் பார்வைக்கு ஒத்திருந்தன. எனினும் நோயாளரின் குருதியைச் சோதித்தபோது வேறு வேறு நோய்கள் என்பது புலனாயிற்று. முன்னதைக் கடை டைபஸ் என்றனர். அதனைப் பரப்புவது நகரத்து எலியின் தெள்ளு. பின்னதைப் பரப்புவது காட்டெலிகளின் மேல் ஒட்டி வாழும் சிற்றுண்ணியின் இளம்பருவம். நகரத்து நோய்க்குக் கிடங்கைத் துப்புரவாக்க வேண்டும். தோட்டத்து நோய்க்குப் புதரை வெட்ட வேண்டும். நோயைப் பிரித்தறிந்ததால் தடுப்பும் பிரிந்தது. 1948இல் இதே கோலாலம்பூரில் நடந்த ஆய்விலேதான், குளோராம்பெனிக்கால் என்னும் மருந்து புதர் டைபஸைத் தீர்க்கும் என்பது உறுதிப்பட்டது.

இன்று மலேசியர் மிகுதியும் அஞ்சுவது, மலாய் மொழியில் ‘கென்சிங் தீக்குஸ்’ எனப்படும் எலிக்காய்ச்சலை. எலியின் சிறுநீரகத்தில் தங்கும் திருகுவடிவக் கிருமி அதன் சிறுநீரோடு வெளியேறி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் பலநாள் உயிரோடு இருக்கும். காலில் உள்ள சிறு கீறல் அதற்கு வாயிலாகிவிடும். காய்ச்சல், தசைவலி, கண் சிவப்பு என்று தொடங்கி, சிலரிடம் மஞ்சட்காமாலையும் சிறுநீரகக் கேடும் உண்டாக்கும். எலிக்கோ அதனால் பெருந்தீங்கு இல்லை. ஆதலின் பிளேக் நோயைப் போன்று, எலி செத்து விழுந்து முன்னறிவிப்புச் செய்யும் என்று இங்கு எதிர்பார்த்தல் கூடாது. மலேசியாவில் 2010 முதல் இது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். 2014 டிசம்பரில் கிளந்தானில் வந்த பெருவெள்ளத்தை அடுத்து நோயுற்றோர் தொகை கூடியது.

சால்வடார் நகரத்தில் 1996இல் இதே நோய் முந்நூறுக்கு மேற்பட்டோரைக் கடுமையாகத் தாக்கியது. திறந்த சாக்கடைக்கு அருகே, மழைநீர் புகும் தாழ்நிலத்தில் குடியிருந்தோரே அங்கு மிகுதியும் இடர்ப்பட்டனர் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. எலி எல்லாத் தெருவிலும் ஓடுகின்றது. ஆனால் அதன் நோய் வாழ வழியற்றோர் தெருவில்தான் மிகுதியாகத் தங்குகின்றது.

சிங்கப்பூரிலும் ஒரு நிகழ்ச்சி நினைவுகூரத்தக்கது. 2014 டிசம்பரில் புக்கிட் பாத்தோக் பெருவிரைவு ரயில் நிலையத்தை அடுத்த மேட்டு நிலத்தில் எலிகள் கூட்டம் கூட்டமாக ஓடுவதை மக்கள் கண்டனர். நூற்றுக்கணக்கான எலிகள் பிடிபட்டன. தெரு நாய்களுக்கு இரக்கத்தோடு இட்ட உணவின் எச்சமே எலிகள் பெருக ஒரு காரணம் என்று கூறப்பட்டது. தூய்மைக்குப் பெயர் பெற்ற நகரமாயினும், நாள்தோறும் சோறு கிடைக்கும் ஒரு மேடு இருந்தால் அங்கு எலி பெருகும் என்பதை அது காட்டியது.

கொன்றால் நோய் குறையுமா?

எலியைக் கொன்றால் நோயாவது குறையுமன்றோ என்று கேட்கலாம். கனடாவின் வான்கூவர் நகரத்து வறியோர் பகுதியில் நடந்த ஆய்வுகள் இதற்கு எதிர்பாராத விடை தந்தன. எலிக்காய்ச்சல் கிருமி எல்லா எலிகளிடமும் சமமாக இல்லை. சில தெருக்கட்டங்களில் ஓர் எலியிடமும் இல்லை. வேறு சிலவற்றில் பாதிக்கு மேற்பட்ட எலிகளிடம் இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் எலிகள் குடும்பமாய் வாழ்வதால், கிருமியும் அக்குடும்பத்துக்குள்ளேயே சுற்றுகின்றது. சில எலிகளை மட்டும் கொன்று பார்த்தபோது, எஞ்சியவற்றுள் கிருமி உடையவற்றின் விகிதம் முன்னிலும் கூடியது. 2018இல் வெளியான இம்முடிவுக்கு, கொலையால் எலிக் குடும்பம் குலைந்து, சண்டையும் கலப்பும் மிகுந்திருக்கலாம் என்று ஆய்வாளர் விளக்கம் கூறினர். அரைகுறை வேட்டை தீமையையும் விளைக்கக்கூடும் என்பது இதனால் பெறப்படும்.

நஞ்சின் நிலையும் ஆராயத்தக்கது. குருதி உறைவதைத் தடுக்கும் வார்பரின் என்னும் மருந்து இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது. தின்ற எலி சில நாள் கழித்து இறப்பதால், மற்ற எலிகளுக்கு ஐயம் தோன்றுவதில்லை. ஆயினும் 1958இலேயே ஸ்காட்லாந்தில் அதற்கு இறவாத எலிகள் காணப்பட்டன. பின்னர் வந்த கடும் நஞ்சுகள், செத்த எலியைத் தின்னும் ஆந்தை முதலிய பறவைகளையும் கொல்கின்றன. மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியை அடக்கக் கூகைகளுக்குக் கூட்டுப் பெட்டி வைத்து வளர்க்கின்றனர் என்பதை நினைத்தால், இக்கேட்டின் அளவு விளங்கும்.

பூனை வளர்த்தால் போதும் என்பாரும் உளர். நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் ஒரு கழிவுப்பொருள் நிலையத்தில் 79 நாள் படக்கருவி வைத்துப் பார்த்தனர். அங்கு நூற்றுக்கு மேற்பட்ட எலிகள் இருந்தன. பூனைகள் கொன்றவை இரண்டே. பூனையைக் கண்ட எலிகள் ஒளிந்து கொண்டன. பார்த்தவர்க்கு எலி குறைந்தது போல் தோன்றிற்று. பெரிய பழுப்பெலியோடு போரிடுவதைவிட எளிய இரையைத் தேடுவதே பூனைக்கு விருப்பம்.

குப்பையை அடக்கிய நகரங்கள்

எஞ்சி நிற்கும் வழி ஒன்றே: எலிக்குச் சோறிடாதிருத்தல். சொல்வதற்கு எளிதான இதனைச் செய்து காட்டிய நகரங்களும் உண்டு. 1994 செப்டம்பரில் இந்தியாவின் சூரத் நகரத்தில் நுரையீரல் பிளேக் என்னும் செய்தி பரவியது. வெள்ளம் வடிந்து, குப்பையும் செத்த விலங்குகளும் தெருவில் கிடந்த வேளை அது. இலட்சக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினர். இந்தியாவில் அவ்வாண்டு அந்நோயால் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 1995இல் நகராட்சி ஆணையராக வந்த எஸ். ஆர். ராவ், அதிகாரிகள் நாள்தோறும் தெருவில் இறங்கிப் பார்வையிட வேண்டும் என விதித்தார். குப்பையை ஒழுங்காக அகற்றச் செய்தார். குடிசைப் பகுதிகளுக்கும் நீரும் வடிகாலும் கழிப்பிடமும் கிடைக்க வழி செய்தார். சில ஆண்டுகளுக்குள் சூரத், இந்தியாவின் தூய நகரங்களுள் ஒன்று எனப் பெயர் பெற்றது.

நியூயார்க் நகரமோ ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் குப்பையைக் கறுப்புப் பைகளில் கட்டி நடைபாதையில் குவித்து வைத்தது. எலிக்கு மெல்லிய பை ஒரு பொருட்டா? 2023 ஏப்ரல் முதல் குப்பையை வெளியே வைக்கும் நேரம் மாலை 4 மணியிலிருந்து இரவு 8 மணியாக மாற்றப்பட்டது. 2024 மார்ச்சு முதல் எல்லா வணிக நிலையங்களும், அவ்வாண்டு நவம்பர் முதல் சிறு குடியிருப்புகளும் மூடியுள்ள தொட்டியிலேயே குப்பையை வைக்க வேண்டும் என ஆணை பிறந்தது. பால்டிமோரில் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கண்ட உண்மை, அண்டை நகரத்தில் சட்டமாவதற்கு அவ்வளவு காலம் பிடித்தது.

இனிக் காலம் தாழ்த்துவதற்கில்லை. 16 நகரங்களின் பதிவுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2025இல் வெளிவந்தது. அவற்றுள் 11 நகரங்களில் எலி கூடிவருகின்றது. வெப்பம் மிகுதியாக உயர்ந்த நகரங்களிலும், மக்கள் நெருங்கிப் பசுமை குறைந்த நகரங்களிலும் இவ்வுயர்வு மிகுதி. அதே ஆய்வில் டோக்கியோ முதலிய 3 நகரங்களில் எலி குறைந்துள்ளமையும் தெரிகின்றது. ஆகவே பெருக்கம் விதியன்று.

ஊரார் கேட்கவேண்டிய கேள்வி

எலி ஒழிப்பு வாரம் என்று ஒன்று நடத்தி, இத்தனை எலி பிடித்தோம் என்று படத்தோடு செய்தி வெளியிடுவது எளிது. அச்செய்தியைப் படிப்போர் கேட்க வேண்டியது வேறு. பிடிப்பதற்கு முன் எத்தனை வளைகள் இருந்தன? மூன்று மாதம் கழித்து எத்தனை உள்ளன? கடைகளின் பின்சந்தில் மூடியில்லாத தொட்டிகள் எத்தனை மூடப்பட்டன? உடைந்த சாக்கடைகள் எத்தனை அடைக்கப்பட்டன? பிடித்த எலிகளுள் எத்தனையை ஆய்வுக்கூடம் பார்த்தது? இக்கேள்விகளுக்கு விடை கூறும் நகராண்மை, தன் வேலையை அறிந்த நகராண்மையாகும்.

பள்ளியில் இதனைக் கற்பிக்கப் பெருஞ்செலவு வேண்டா. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையின் சுற்றுப்புறத்தை மாணவர் ஒரு வரைபடமாக எழுதலாம். புழுக்கை கண்ட இடம், வளை கண்ட இடம், உணவு சிந்திய இடம் மூன்றையும் தனித்தனி நிறத்தால் தொலைவிலிருந்தே குறிக்கலாம். கையால் தொடுதல் ஆகாது. உணவுக்கும் வளைக்கும் இடையே உள்ள தொலைவை அவர்களே அளந்து காண்பர். அதன்பின், தொட்டிக்கு மூடியிட்டு ஒரு மாதம் கழித்து மறுபடியும் குறித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டு படங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடும் மாணவன், எலியைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் ஒருசேரக் கற்றவனாவான்.